என் பேரில் ஒரு ரவுட்டர்

எங்கள் வீட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவி என் மனைவி. கரண்ட் பில் இன்னும் அப்பா பேரில் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகியும் பேர் மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கேஸ் புக் அம்மா பேரில். ஸ்கூட்டர் ஆர்சி மகள் பேரில். என் பேரில் மிச்சமிருப்பது இன்டர்நெட் கனெக்‌ஷன் ஒன்றுதான். அது ஓடுகிற வரைக்கும் இந்த வீட்டில் நான் ஒருவன் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. நின்றுவிட்டால் போதும், கூடம், அடுக்களை, மாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் என்னைத் தேடுவார்கள். பெருமையான தருணம்தான். என்ன, அந்த நேரத்தில் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

‘நெட் வரல’ என்பது வேறு, ‘பெட்டியே எழுந்திருக்கல’ என்பது வேறு. முதல் வகை வியாதிக்கு நான் கைராசிக்காரன். தெருவில் மழைநீர் வடிகால் தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்திருப்பார்கள், இல்லையென்றால் எலி கடித்திருக்கும், அதுவும் இல்லையென்றால் ரீசார்ஜ் தேதி தாண்டியிருக்கும். பெட்டியில் ஒரு லைட் மட்டும் சிவப்பாக எரியும். நான் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு போய் சுவிட்சை அணைப்பேன், மனசுக்குள் முப்பது எண்ணுவேன், திரும்பப் போடுவேன், சிவப்பு போகாவிட்டால் கம்ப்ளெயின்ட் போடுவேன். இவ்வளவையும் ஒரு நிபுணரின் முகத்தோடு செய்யத் தெரியும். முப்பது எதற்கு என்று மகள் ஒருதடவை கேட்டபோது, “கெப்பாசிட்டர்ல இருக்கற கரண்ட் வடியணும்மா” என்று சொல்லி வைத்தேன். அது உண்மைதான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்தத் தடவை வந்தது இரண்டாவது வகை. ராத்திரி கரண்ட் போய் வந்திருந்தது. விடிந்து பார்த்தால், பெட்டியில் இருக்கிற பச்சை லைட்டெல்லாம் ஒன்றாக எரிகின்றன. பிறகு பவர் லைட்டை விட்டுவிட்டு மற்றவை அடங்குகின்றன. கொஞ்ச நேரம் ஏதோ நடக்கப்போகிற மாதிரி ஒரு நிதானம். அதன்பின் பவர் லைட்டும் ஒரு சிமிட்டுச் சிமிட்ட, மறுபடி எல்லாம் ஒன்றாக எரிகின்றன. சிவப்பே கிடையாது. புகை இல்லை, கருகல் வாசனை இல்லை. குற்றம் சாட்ட ஒரு கலர்கூடத் தரவில்லை அந்தப் பெட்டி.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியாப்பா?” என்றாள் மகள்.

“அதைத்தாம்மா அது விடிஞ்சதிலேர்ந்து பண்ணிக்கிட்டிருக்கு.”

அம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெளிவாகியிருந்தது. முந்தின நாள் எதிர்வீட்டு அம்மாள் வந்து, ‘உங்க வீட்ல நெட்டு நல்லா வருதாமே’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டால் சரியாகிவிடும். மனைவி மட்டும்தான் காரியமாகப் பேசினாள். “ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கிட்டா என்ன? ஆன்லைன்ல ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்குதே.” ஆன்லைனில் வாங்க நெட் வேண்டுமே என்று மடக்கினேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். மொபைல் டேட்டாவில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். புதுப் பெட்டி வந்தால், அதை மாட்டுகிறவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். மாட்டுவதற்கு மகளே போதும் என்ற பதிலும் வரும். “பழுது என்னன்னு தெரியாம பொருளை மாத்தறது தப்பு” என்று அழுத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டதால் பழுது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அக்கா மகன் பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறான். ஆளுயர ரவுட்டர்களோடு பொழுதைக் கழிக்கிறவன். போன் போட்டேன். லைட்டுகள் எரிகிற வரிசையை நான் அபிநயத்தோடு சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “மாமா, லைட்டை விடுங்க. ப்ராசஸர் ஸ்டார்ட் ஆகுதா இல்லையா, அதைப் பாருங்க” என்றான்.

அந்த நிமிஷத்திலிருந்து என் நடையே மாறிவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் எதிர்வீட்டுக்காரர், “என்ன சார், நெட் போச்சாமே” என்றார். “நெட்டெல்லாம் போகல சார். ப்ராசஸர் ஹார்டுவேர்ல ஸ்டார்ட்-அப் ப்ராப்ளம்” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காத குறைதான். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அக்கா மகன் போனில் பாடம் நடத்தியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு. அடாப்டரிலிருந்து பெட்டிக்குள் 12 வோல்ட் போகிறது. ப்ராசஸருக்கு அது ஆகாது. போர்டில் இருக்கும் சின்ன சர்க்யூட்டுகள் அதை 3.3 வோல்ட், ஒரு வோல்ட்டை ஒட்டிய இன்னொன்று என்று குறைத்துக் கொடுக்கின்றன. எல்லாம் நிலைக்கு வரும்வரை ரீசெட் என்கிற ஒரு கம்பி ப்ராசஸரை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பிடி விட்டதும், பக்கத்திலிருக்கும் கிரிஸ்டலின் துடிப்பை வைத்துக்கொண்டு ப்ராசஸர் முதல் அடி வைக்கிறது. எங்கே போவது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு முகவரி அதற்குள் பதிந்தே வருகிறது. வீட்டு ரவுட்டர்களில் நெடுங்காலமாக இருக்கும் மிப்ஸ் வகை ப்ராசஸருக்கு அந்த முகவரி பிஎஃப்சி என்று ஆரம்பித்து ஐந்து சைபரில் முடியும். அங்கே ஃப்ளாஷ் சிப்பில் பூட்லோடர் என்ற குட்டி புரோகிராம் இருக்கும். அந்த நேரத்தில் ரேம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பூட்லோடர்தான் ரேமை எழுப்பி, எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து, ஃப்ளாஷில் சுருக்கி வைத்திருக்கும் லினக்ஸை அதில் விரித்துப்போட்டு, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகும். பிறகு லினக்ஸ் ஒவ்வொரு பாகமாக எழுப்பிக்கொண்டு வரும். வைஃபைக்கு முறை வருவது ரொம்பப் பின்னால். 192.168.1.1 என்று அடித்தால் வருகிற பக்கம் அதற்கும் பின்னால். நான் இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டு மாற்றிவிட்டு, ரவுட்டரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவனாக நடமாடியிருக்கிறேன்.

பவர் லைட் விஷயத்திலும் எனக்குப் பெரிய ஏமாற்றம். பல பெட்டிகளில் அதை நேராகக் கரண்ட் வருகிற வழியிலேயே கட்டிவிடுகிறார்கள். கரண்ட் வந்தது என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ப்ராசஸர் செத்துக் கிடந்தாலும் பச்சையாகச் சிரிக்கும். அதைப் பார்த்து ‘பெட்டி நல்லாத்தான் இருக்கு, லைன்லதான் கோளாறு’ என்று கம்ப்ளெயின்ட் எடுத்த பெண்ணிடம் நான் எத்தனை தடவை வாதாடியிருக்கிறேன்!

பெரிய ரவுட்டர்களில் இப்படி லைட்டை வைத்து ஜோசியம் பார்க்கிற அவலம் இல்லையாம். சிஸ்கோ 7200 என்று ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த ரவுட்டரில், ப்ராசஸர் தனி கார்டாக முதுகுப்பக்கம் செருகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்: விசிறி ஓடுகிற சத்தம் வருகிறதா? பிறகு முன்னாலிருக்கும் கார்டில் பவர் லைட். இரண்டும் சரியாக இருந்து, அதற்குமேல் ஒன்றும் அசையவில்லை என்றால், கரண்டை நிறுத்தி, ப்ராசஸர் கார்டை உருவி, கடைசிவரை உட்காரும்படி மறுபடி செருகித் திருகை முடுக்க வேண்டும். மெயின் புரோகிராம் கிடைக்காமல் போனாலும் அந்த ரவுட்டர் ‘ரோம்மான்’ என்கிற வாசல்வரை வந்து நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்கும். இதையெல்லாம் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பெட்டியில் விசிறியே கிடையாது என்று தெரிந்தும், கூடத்தில் மண்டிபோட்டு அதன்மேல் காதை வைத்துப் பார்த்தேன். வாசலில் கீரை கொண்டுவந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாதி வந்தவனுக்கு, வந்ததுதான் வந்தது, பேர் பெற்ற வியாதியாக வந்திருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. 2017 தொடக்கத்தில் சிஸ்கோ ஓர் அறிவிப்பு விட்டது. தன்னுடைய சில பெட்டிகளில் கிளாக் சிக்னல் தருகிற ஒரு பாகம், சுமார் 18 மாதம் ஓடியபிறகு கைவிட ஆரம்பிக்கலாம். கைவிட்டால் பெட்டி நின்றுவிடும், மறுபடி பூட் ஆகாது, மீட்கவும் முடியாது. பாகம் யார் செய்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அதே சமயத்தில் இன்டெல், தன் ஆட்டம் சி2000 ப்ராசஸர்களில் ஒரு கிளாக் சிக்னல் நின்றுபோகலாம், சிஸ்டம் பூட் ஆகாமல் போகலாம் என்று பிழைப்பட்டியலில் எழுதியிருந்தது. ஊர் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டது. நானும் படித்துக்கொண்டேன். அக்கா மகனைக் கூப்பிட்டு, “கிளாக்தாண்டா” என்றேன்.

“கிளாக் போச்சுன்னா பெட்டி பேசாம கிடக்கும் மாமா. இப்படித் திரும்பத் திரும்ப எழுந்து விழாது. அது போக, உங்க பெட்டியில அந்த ப்ராசஸரே கிடையாது.”

உயர்ந்த வியாதி ஒன்று கை நழுவிப் போயிற்று.

“கன்சோல் போடுங்க மாமா. அதுவே சொல்லிடும்” என்றான். கன்சோல் என்பது, பெட்டி எழும்போது தனக்குள் நடப்பதை எழுத்தாகச் சொல்கிற வாய். வீட்டு ரவுட்டரில் அதற்கு வெளியே ஓட்டை கிடையாது, உள்ளே உண்டு. பெட்டி நான் காசு கொடுத்து வாங்கியது, கம்பெனி கொடுத்தது சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி மட்டும்தான். ஆகவே திறப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களைப் பிய்த்தால் திருகு. திருகைக் கழற்றினால் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கி. காலாவதியான ஏடிஎம் கார்டை நுழைத்து நெம்பினேன். ஒவ்வொரு கொக்கியும் ‘பட்’டென்று விட்டது. ஒவ்வொரு ‘பட்’டுக்கும் மனைவி அடுக்களையிலிருந்து, “உடைஞ்சிடுச்சா?” என்று கேட்டாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு; நடுவில் தகர மூடி; மூடியின் அடியில் ப்ராசஸர். ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டைகள், பின் வைக்காமல் விட்டவை. கண்ணாடியைக் கழற்றி மூக்கு உரசப் பார்த்தால் ஜிஎன்டி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ், விசிசி என்று எழுத்து தெரிந்தது.

தெருமுனை மொபைல் கடைத் தம்பி நாலு பின் வைத்து சால்டர் போட்டுக் கொடுத்தான். “எதுக்கு சார் இது?” என்று கேட்டான், ரீசெட் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில், “காசு வேணாம் சார், நீங்க கிளம்புங்க” என்றுவிட்டான். லேப்டாப்பில் செருகுகிற யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூல் சில நூறு ரூபாய். அது 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் போனால் ப்ராசஸரின் காலைச் சுட்டுவிடும். ஜிஎன்டிக்கு ஜிஎன்டி. இதன் டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்கு, அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு. விசிசி பக்கமே போகக் கூடாது, பெட்டிக்குத்தான் சொந்தக் கரண்ட் இருக்கிறதே. மகளின் லேப்டாப்பை இரவல் வாங்கி, அக்கா மகன் சொன்ன 9600 என்ற வேகத்தை வைத்து, பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும் கொம்பு முளைத்த எழுத்துமாகக் கொட்டியது.

“பாத்தியா, பேசுது!” என்று வீட்டையே கூட்டினேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். “என்னங்க சொல்லுது?”

“அது… அதோட பாஷை.”

மகள் பெருமூச்சு விட்டுவிட்டு எண்ணை 115200 என்று மாற்றினாள். பெட்டி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. அக்கா மகனின் ஆளுயர ரவுட்டர்கள் வழக்கமாக 9600-ல் பேசுகிறவை. வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 115200. அவனுக்குத் தெரியாத ஒன்று என் பெட்டிக்கு இருப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

யூ-பூட் என்று பூட்லோடரின் பேரோடு முதல் வரி. ரேம் 128 எம்பி என்று அடுத்து. ஃப்ளாஷ் சிப்பின் பேர். ‘நிறுத்த வேண்டுமானால் ஏதாவது ஒரு கீயை அழுத்து’ என்று மூன்று, இரண்டு, ஒன்று எண்ணியது. பிறகு லினக்ஸ் கெர்னல் தொடங்குகிறது என்று ஒரு வரி, அதன் பின்னால் மடமடவென்று மழை. வைஃபை டிரைவரின் பேர் வந்தது. அந்த வரி ஒரு வார்த்தையின் நடுவில் அறுந்தது. அடுத்த எழுத்து மறுபடி யூ-பூட்.

எத்தனை சுற்று பார்த்தாலும் அறுகிற இடம் அதேதான். இரண்டெழுத்து முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் எண்ணும்போது ஒரு கீயைத் தட்டினேன். பெட்டி பூட்லோடரிலேயே நின்றுகொண்டது. ஆடவில்லை, அணையவில்லை. நான் காபி குடித்து, குளித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றது.

“சும்மா நிக்கச் சொன்னா நல்லா நிக்குது. வேலை கொடுத்தா விழுந்துடுது” என்று வீட்டாருக்கு விளக்கினேன்.

“இதே மாதிரி இன்னொண்ணும் இந்த வீட்ல இருக்கு” என்றாள் மனைவி. அம்மா சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. புரோகிராமில் கோளாறு என்றால் லினக்ஸ் சாகும்முன் ‘கெர்னல் பேனிக்’ என்று ஒரு மரண வாக்குமூலம் எழுதிவைக்கும். ப்ராசஸர் எங்காவது மாட்டிக்கொண்டு விழித்தால், வாட்ச்டாக் என்கிற டைமர் இருக்கிறது: குறித்த நேரத்துக்குள் புரோகிராம் வந்து அதைத் திருப்பி வைக்காவிட்டால் அது பெட்டியை ரீசெட் பண்ணிவிடும். அப்போதும் கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும், பிறகுதான் யூ-பூட் வரும். இங்கே மௌனமும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. பேச்சு நடுவில் குரல்வளையை யாரோ பிடிக்கிறார்கள்.

வாட்ச்டாக் புதுச் சரக்கு இல்லை. 1969-ல் அமெரிக்காவில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்காக பிபிஎன் கம்பெனி, ஹனிவெல் டிடிபி-516 கம்ப்யூட்டரை வைத்துச் செய்த ஐஎம்பி என்ற பெட்டிதான் இன்றைய ரவுட்டர்களுக்கெல்லாம் பாட்டன். அதிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. கரண்ட் போய் வந்தால் ஆள் துணை இல்லாமல் தானே எழுந்துகொள்ளவும் அதற்குத் தெரியும். என் பெட்டியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி ராத்திரி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்று அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டே எழுத்து. மறுமுனை விழுந்துவிட்டது. விழுந்தது ஐஎம்பி இல்லை, அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர். ஆக, ரவுட்டர் செய்யாத குற்றத்துக்கு அதைப் பழிக்கிற வாய்ப்பு நெட்வொர்க்கின் முதல் ராத்திரியிலேயே வந்துவிட்டது. நானும் ஊரெல்லாம் ப்ராசஸரைத் தூற்றிவிட்டேன். அதுவோ, ரேமை எண்ணி, ஃப்ளாஷைப் படித்து, லினக்ஸை விரித்து, தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, வைஃபைக்குக் கரண்ட் கேட்கிற இடத்தில் கரண்ட் இல்லாமல் விழுந்திருக்கிறது. வைஃபையின் ரேடியோ எழும்போது பெட்டிக்கு ஒரு மடக்கு அதிகமாகக் கரண்ட் வேண்டும். அடாப்டரால் அந்த மடக்கைத் தர முடியவில்லை. வோல்ட்டேஜ் சரிகிறது, ரீசெட் கம்பி ப்ராசஸரைத் திரும்பப் பிடித்து உட்கார வைக்கிறது, சுமை இறங்கியதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடி முதலிலிருந்து.

அடாப்டரை நான் ஏற்கெனவே மல்டிமீட்டரில் பார்த்திருந்தேன். 12.1 வோல்ட் காட்டியது. அடாப்டர் உத்தமன் என்று சான்றிதழும் கொடுத்திருந்தேன். மீட்டர் பொய் சொல்லாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பின்னைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்கிற அடாப்டரைக் கேட்டால் 12 என்றுதான் சொல்லும். பெட்டியில் செருகி, உள்ளே ஜாக் சால்டர் ஆகியிருக்கும் இடத்தில் புரோபை வைத்துப் பார்த்தபோது, வைஃபை வரி வருகிற நேரத்தில் எண் பதினொன்று, பத்து, ஒன்பது என்று சரிந்து, சரிந்த வேகத்தில் ஏறியது. மீட்டர் மந்தம், நிஜத்தில் இன்னும் கீழே போயிருக்கும்.

“அடாப்டரைத் திறந்துடட்டுமா?” என்று அக்கா மகனிடம் கேட்டேன். “தொடாதீங்க மாமா” என்று கத்தினான். நம் ஊர் 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறி ஒரு கெப்பாசிட்டரில் தங்கும். பிளக்கை உருவியபின்னும் கொஞ்ச நேரம் இருக்கும். நான் உடனே சம்மதித்தேன். இந்தக் கீழ்ப்படிதலை வீட்டில் ‘சேஃப்டி டிசிப்ளின்’ என்று சொல்லிக்கொண்டேன்.

“ஹேர் டிரையர் இருக்கா? திறக்காம அடாப்டரை வெளியிலேர்ந்து சூடு பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க.”

மகளின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா சீரியலிலிருந்து கண்ணை எடுத்து என் தலையை நிதானமாகப் பார்த்தாள். “டேய், உனக்கு எதுக்குடா அது?” என்றாள். பதில் சொல்லாமல், செத்த எலியைப் பிடிக்கிற தோரணையில் அடாப்டரை வாலால் தூக்கிப் பிடித்துச் சூடுகாட்டினேன். பிளக்கில் போட்டேன். யூ-பூட். ரேம். கெர்னல். வைஃபை வரி வந்தது, முழுசாக வந்தது, தாண்டிப் போயிற்று. வீட்டிலிருந்த எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப் மணி அடித்தது. மகள் மாடியிலிருந்து, “வந்துடுச்சு!” என்று கூவினாள். தந்தைமை உணர்ச்சி பொங்கிய நேரம் அது.

அடாப்டருக்குள் கரண்டைச் சீராக்குகிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் என்பது அலுமினியத் தாளும், திரவத்தில் ஊறிய காகிதமும் சேர்த்துச் சுருட்டிய ஒரு குட்டி டப்பா. வருஷக்கணக்கில் சூட்டில் இருந்தால் திரவம் காய்ந்துபோகிறது. அவசரத்துக்குக் கரண்ட் தருகிற வலு குறைகிறது. குளிரில் அது இன்னும் மந்தமாகும், சூடு ஏறினால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அதனால்தான் கரண்ட் போகாதவரை பெட்டி ஓடியது, ஓடுகிற சூட்டிலேயே அடாப்டர் தாக்குப்பிடித்தது. கரண்ட் போய் ஆறிவிட்டால், எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச மாதமாகவே ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் நெட் வர நேரமானதை, ‘அவங்க சர்வர் ஸ்லோ’ என்று நான் வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி மறுபடி கரண்ட் போயிற்று. வந்ததும், படுத்துவிட்ட என்னை எழுப்பிக் கையில் ஹேர் டிரையரைக் கொடுத்தார்கள்.

அடுத்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியதுதான். மனைவியின் அண்ணனும் துணைக்கு வந்தார். கடையில் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்கள். பழையதில் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார்.

“மாப்ள, இதைப் போட்டீங்கன்னா பெட்டி எரிஞ்சிடும். டபுள் கரண்ட் உள்ள போகுது பாருங்க.”

“இல்ல மாமா, ஆம்பியர்ங்கறது தர முடிஞ்ச அளவு. பெட்டி தனக்கு வேணுங்கறதைத்தான் எடுத்துக்கும். வோல்ட்டேஜ்தான் அதேயா இருக்கணும். பின் சைஸும், நடுவுல பிளஸ்ஸான்னும் பாத்துக்கணும்.”

“அதெப்படி, தள்ளுமில்ல?”

கடைக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அண்ணன் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது. ஆனால் அவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்ற முறையில் சத்தம் இல்லை. ஒன்றரை ஆம்பியரில் சமரசம் ஆயிற்று.

பழைய அடாப்டரை என்ன செய்வதென்று கேட்டேன். கடைப் பையன் வாங்கி, இணைப்பின்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். இரண்டாகப் பிளந்தது. அவன் நகத்தால் சுட்டிய இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர். பக்கத்திலிருந்ததன் தலை தட்டையாக இருந்தது. இதன் தலை புடைத்து, அதில் போட்டிருந்த சிலுவைக் கீறல் லேசாக விரிந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. “உப்பிடுச்சு சார். இதான் கேஸ்” என்றான். பக்கவாட்டில் 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. இந்த வகைக்கு 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று சாதாரணமாக ஆயுள் சொல்வார்கள். ஒவ்வொரு 10 டிகிரி குறைவதற்கும் ஆயுள் இரட்டிக்கும் என்பது கணக்கு. 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி. இரவும் பகலும் ஓடினால் மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். நான் அந்த அடாப்டரை வைத்திருந்தது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், ஸ்டெபிலைசருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில், சென்னையில், மே மாதங்கள் உட்பட. கணக்கைக் கடை வாசலிலேயே அண்ணனுக்குச் சொன்னேன். “அப்ப டபுள் கரண்ட்டால உப்பல?” என்றார்.

வீட்டுக்கு வந்து செருகியதும் பெட்டி ஒரே மூச்சில் எழுந்தது. கன்சோல் வரிகள் கடைசிவரை ஓடி, ஒரு குறியோடு அடங்கி நின்றன. அந்தத் திரையை அம்மாவுக்குக் காட்டி ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு தம்பி. மனைவி முதல் நாளே கம்ப்ளெயின்ட் போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

தம்பி உள்ளே வந்தான். மூடி கழற்றி, வயர் முளைத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்தான். லைட்டுகளைப் பார்த்தான். “நெட் வருதே சார்?”

“வருது தம்பி. அடாப்டர்ல கெப்பாசிட்டர் போயிருந்தது. லோடுல வோல்ட்டேஜ் ட்ராப் ஆகி, ப்ராசஸர் ஸ்டார்ட்-அப்ல…”

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா?”

“பண்ணினேன், அதாவது, அதுவே…”

“அதான் சார். ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும்.” போனில் ஏதோ தட்டினான். “கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்றேன். உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்.”

சட்டைப் பையைத் தடவி, போனை எங்கே வைத்தேன் என்று தேடுவதற்குள், மனைவி அடுக்களையிலிருந்து நாலு எண்ணையும் சொல்லிவிட்டாள். கனெக்‌ஷன் என் பேரில்தான் இருக்கிறது. நம்பர் எப்போதோ அவளுடையதாக மாறியிருக்கிறது.

“ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்கம்மா” என்றான் தம்பி.

“போட்டாச்சுப்பா. மோர் குடிக்கறியா?”